நானூற்று முப்பத்தேழு கெஜம்

அன்புள்ள இங்க்ரிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சௌக்கியம். நாய் என்னைவிடச் சௌக்கியம், இடது காதுதான் இன்னும் கேட்பதில்லை. மசல்ஷெல் ஆற்றில் பனிக்கட்டி விரிசல் விட ஆரம்பித்துவிட்டது. ஆக்லாந்தில் கோடை முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடிந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா. உன் மின்னஞ்சல் வந்தது. இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்கு ஊருக்கு வருகிறேன், முன்னூறு நானூறு கெஜத்தில் கண்ணளவை நம்பிச் சுட எனக்குப் பயம், கைக்கு எட்டுகிற விலையில் நல்ல லேசர் தூரமானி எது என்று கேட்டிருந்தாய். மகிழ்ந்தேன். அன்று மாலையே உன் அம்மா தொலைபேசியில் அதே வரிகளை எனக்குப் படித்துக் காட்டினாள். டுவைட்டுக்கும் எழுதியிருக்கிறாய். அதே சொற்கள். ஒரு கமா கூட மாறவில்லை. பெற்றவனுக்கு ஒரு பிரதி, அம்மாவை மணந்தவனுக்கு ஒரு பிரதி. நான் பள்ளியில் இலக்கியம் நடத்துகிறவன், பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கிற புத்தி போகாது. ஒரே ஒரு வேறுபாடு: வேட்டைச் சீட்டுக்கான விண்ணப்பத்தை அந்த வீட்டு முகவரிக்கு அனுப்பியிருந்தாய். வெளிநாட்டிலிருந்து வருகிற உனக்குச் சீட்டு கிடைக்க மொன்டானாவில் வசிக்கும் உறவினர் ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர்தான் வேட்டை முழுக்க உன் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு கோடு. ஒரு பெயர். நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள் என்று எழுதிவிட்டு நீ தூங்கப் போய்விட்டாய். நான் தூங்கவில்லை.

சனிக்கிழமை வெர்னாவின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். வாங்க வாத்தியாரே, நீங்க ரெண்டாவது ஆளு என்றாள். செவ்வாக்கிழமையே டுவைட் வந்து மூணு தூரமானியையும் வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயாச்சு, நம்ம பொண்ணு வருதுன்னு மூஞ்சியெல்லாம் பல்லு என்றாள். நம்ம. அந்தச் சொல்லைக் கடையிலேயே விட்டுவிட்டு வர முயன்றேன், முடியவில்லை. டப்பால ஆயிரம் கெஜம்னு போட்டிருக்கறத நம்பி மோசம் போயிராதீங்க, அது ரோட்டோரப் பலகைல பட்டுப் பளிச்சுன்னு திரும்பி வர்ற கணக்கு, மான் தோலு வெளிச்சத்தக் குடிச்சிரும், பாதிக்கும் கீழ வெச்சுக்கோங்க என்றாள். இதை நீயும் குறித்துக்கொள். டுவைட்டுக்கு எது பிடித்தது என்று கேட்டேன். நடுவில் இருப்பதாம். நான் ஓரத்தில் இருந்ததை எடுத்தேன். காரணம் அவ்வளவுதான். விலை இன்னும் குறைவு என்று வழியெல்லாம் எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன். அது ஷோகேஸ்ல கெடந்தது வாத்தியாரே, ஊர்ல பாதிப் பேரு அமுக்கி வெளையாடிருக்கான், பாத்துக்கோங்க என்று வெர்னா முதுகுக்குப் பின்னால் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

ஞாயிறு மதியம் டுவைட்டின் மேய்ச்சல் நிலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று அவன்தான் கூப்பிட்டான். நடுவில் இருந்ததை அவனும் வாங்கி வந்துவிட்டிருந்தான். உன் அம்மா காப்பி ஊற்றிக் கொடுத்து, சண்ட போடறதுன்னா வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் போடுங்க என்று அனுப்பிவைத்தாள். பள்ளத்துக்கு அக்கரையில் மண்மேட்டின் முன் இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். தூரத்தை இருவரும் அளந்ததில்லை. நான் பார்த்தேன். நானூறு. அவன் பார்த்தான். நானூற்று முப்பத்தேழு. என் எண் உருண்டையாக இருந்தது, அதனாலேயே உண்மை போல இருந்தது. நானூறுதான், என் கண்ணே அதத்தான் சொல்லுது, உன் டப்பாவ அடுப்புல போடு என்றேன். கண்ணே சொல்லும்னா வாத்தியாரு எதுக்குக் கடைக்குப் போனீரு என்றான். படுத்தேன். துப்பாக்கித் தொலைநோக்கியின் திருகை நானூறு கெஜத்துக்குத் திருப்பி வைத்துச் சுட்டேன். தகட்டின் கீழ் விளிம்புக்கும் கீழே மண் தெறித்தது. மறுபடி சுட்டேன். அதே இடம். இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் கை சரி, எண் தப்பு. இது உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது. டுவைட் என் தூரமானியை வாங்கிப் பார்த்தான். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தான். திருப்பிக் கொடுத்தான். நானூற்று முப்பத்தேழு. கடையில் யாரோ விளையாட்டாக மீட்டருக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தது நானூறு மீட்டர். எண்ணின் மூலையில் ஓர் எழுத்து, எறும்பளவு, நான் பார்க்கவே இல்லை. முப்பது வருஷமாக இந்த மேடுபள்ளங்களைக் கெஜத்தில் கண்ணளந்தவன் நான். உண்மையில் கண் நானூறு என்று சொல்லவில்லை, இங்க்ரிட். எண்ணைப் பார்த்தபிறகு கண் தலையாட்டியது. மானாக இருந்திருந்தால் முன்னங்கால் உடைந்து மூன்று காலில் மலையேறியிருக்கும். அதை நினைத்து எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தேன். விடு லைல், மான் எதுவும் பாக்கல என்றான்.

சூரியன் விழும்வரை அங்கேயே இருந்தோம், மான் வெளியே வருகிற நேரம் அதுதானே. பைன் மரங்களின் கருப்பில் என் தூரமானியின் கருப்பு எண்கள் கரைந்துபோயின. இந்தா, பாரு என்று அவனுடையதை நீட்டினான். சிவப்பு எண்கள். தணல் போலத் தெளிவாக. டிரக்கில் ஏறியதும் முன்கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த உன் விண்ணப்பத்தை உருவி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தான். கோடு காலி. பத்து நாளா கூடவே வெச்சுக்கிட்டு அலையறேன், பேனாவ எடுக்கறதும் வெக்கறதுமா இருக்கேன் என்றான். சின்னதுல அவகிட்ட எதச் சொன்னாலும், இரு, எங்கப்பாகிட்டக் கேட்டுட்டு வரேன்னு போன் பண்ணப் போயிருவா, பன்னெண்டு வருஷம், இப்பிடி இல்ல அப்பிடின்னு நான் துப்பாக்கியப் பிடிச்சுக் காட்டினாக்கூட அப்பா வேற மாதிரி பிடிப்பாரும்பா, அது எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாது லைல் என்றான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பொறாமைப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு வெட்கமாகவும் இருந்தது. ஆனால் முதலில் வந்தது மகிழ்ச்சி. உன்னிடம் பொய் எழுத முடியாது. பெரிய மனிதன் என்றால் நீயே போடு டுவைட் என்று சொல்லியிருப்பான். நான் பேனாவை எடுத்தேன். டிரக் குலுங்கியதால் கையெழுத்துக் கோணல். நாளை லூயிஸ்டவுன் வேட்டைத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன், பிரதி இத்துடன் இருக்கிறது. இந்தமுறை ஒரே பிரதி.

ஆகவே, மகளே, நடுவில் இருப்பதை வாங்கு. பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். டுவைட் தேர்ந்தெடுத்தது சரி. அந்த எண்கள் மாலையில் தெரிகின்றன, செங்குத்தான சரிவில் அது சாய்வைக் கழித்து, குண்டுக்கு வேண்டிய தட்டைத் தூரத்தையும் காட்டுகிறது. நீ இருக்கிற ஊரில் வாங்கினால் அது மீட்டரில்தான் வரும். டப்பாவைத் திறந்ததும் கெஜத்துக்கு மாற்று, விமானத்தில் ஏறும்முன் ஒருமுறை பார், மலையில் ஒவ்வொரு காலையும் மூலையில் இருக்கிற எழுத்தைப் பார். ஒருமுறை அழுத்தி நம்பாதே, முன்னால் நிற்கிற புதரை அது அளந்துவிடும், மூன்றுமுறை அழுத்து. அழுத்துவதற்கு முன் உன் கண்ணுக்குத் தோன்றுகிற எண்ணை ஒருதரம் என் காதில் சொல். நான் பக்கத்தில்தான் இருப்பேன், சட்டப்படி. உன் கை நடுங்காமல் இருக்கட்டும், உன் கால்கள் பனியில் வழுக்காமல் இருக்கட்டும், நீ நல்லபடியாக வந்து சேர். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சு நிற மேல்சட்டையை மறக்காதே. டுவைட்டும் வருகிறான், டிரக் அவனுடையது. முன் இருக்கையில் உன் பக்கத்தில் யார் என்று நாங்கள் இன்னும் பேசவில்லை.

என்றும் உன்,
அப்பா
லைல் ஹாகன்