ஹீரோவின் காது

சீப்பைக் கழுவி வைக்கலாம் என்று எடுத்தேன். பல்லுக்கு நடுவில் இன்னும் வெள்ளையும் பழுப்புமாக முடி சிக்கிக் கிடக்கிறது. முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெயும் கிடா வாடையும் சேர்ந்து அடித்தன. கழுவ மனசு வரவில்லை. அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அது நீ தலை சீவிய சீப்பு. நம் கிடா ஹீரோவுக்குத் தனியாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "என் தலைய எவ பாக்கப்போறா? மார்க்கு போடப்போறது அவனுக்குத்தான்" என்பாய். மயிலாப்பூரில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் நீ குந்திக்கொண்டு அவன் கழுத்து முடியைச் சீவ, நான் கொம்புக்கு எண்ணெய் தடவுவேன். ஜமுனாபாரி இனக் கிடா அல்லவா, அவனுடைய நீளக் காது இரண்டும் உன் மடியில் தொங்கும்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் என் அம்மாவுக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "மீனு விக்கிற வூட்டுப் பொண்ணுக்கு ஆட்டாண்ட இன்னாடி வேல? மேலெல்லாம் ஆட்டு நாத்தம் அடிச்சிக்கினு வர்ற" என்று கத்துவாள். உங்கள் வீட்டிலோ என்மேல் மீன் வாடை என்று உன் தம்பி மூக்கைப் பிடிப்பான். ஹீரோவுக்கு மட்டும் எந்த வாடையும் தப்பில்லை.

குட்டியாக வந்தவனை நாம் வளர்த்த லட்சணம் தெரியாதா! மாடவீதிக் காய்கறிக் கடைகளில் கழித்துப் போட்ட காலிஃபிளவர் தழை, கல்யாண மண்டபத்து வாழைத் தண்டு, எப்போதாவது ஒரு கட்டு அகத்திக்கீரை. அதை நம்பி கிண்டிப் பக்கம் நடந்த ஆட்டுக் கண்காட்சிக்குப் போய்விட்டோம். செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்த விவசாய வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த கிடாக்கள் கன்றுக்குட்டி உயரம் நின்றன. "இது என்னக்கா, போஸ்டர் தின்னு வளந்த ஆடா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமாண்டா, அடுத்த வருசம் வா, உன் ஆட்டையும் தின்னும்" என்றாய். கடைசியாக நின்றுவிட்டு அவ்வளவு வாய் உனக்கு.

திரும்பும்போது லோடு ஆட்டோவில், அவனை நடுவில் நிறுத்திக்கொண்டு சொன்னாய்: "அடுத்த வருசம் இவன் ஜெயிக்கணும். அப்புறம் வர்ற பெருநாளுக்கு, செத்துப்போன எங்க அத்தா பேரால இவனத்தான் குர்பானி குடுக்கணும்." உன் அப்பா பேரால் இவனையா அறுப்பது? "வேற ஆடு வாங்கிக்கலாமேடி" என்றேன். "வாங்குனதக் குடுக்கறதுல இன்னா கீது? மனசுக்குப் புடிச்சதக் குடுத்தாத்தான் குடுத்தது. ஒரு கொறையும் இருக்கக்கூடாது. கொம்பு ஒடையக்கூடாது, காலு நொண்டக்கூடாது, காது கிழிஞ்சாலும் ஆகாது. பாத்துக்கோ" என்றாய். சொல்லும்போது அவன் காதைத்தான் வருடிக்கொண்டிருந்தாய்.

பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். ஒரு வாரக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துக்கம் கேட்க வந்த என் கையில் உன் அம்மா கயிற்றைக் கொடுத்தார்கள். "இதப் பாத்தா எனக்கு அவ நெனப்பா வருதும்மா. பெருநாளுக்கு மட்டும் முழுசாக் கொண்டாந்து குடுத்துடு. அவ மனசுல நேந்து நிய்யத்து வச்சது." நான் சரி என்றேன்.

எங்கள் வீட்டு வாசலில் கட்டினேன். நீ கூப்பிடுவது போலவே நாக்கைச் சொடுக்கிக் கூப்பிடுவேன். ஓடி வருவான். என் முகத்தைப் பார்ப்பான், பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கத்திக்கொண்டிருந்த என் அம்மாவே, "வாயில்லா ஜீவன், அதுக்கு யார் போய் சொல்றது?" என்று கஞ்சித் தண்ணீர் வைக்க ஆரம்பித்தாள். எனக்கோ வேறு கவலை. உன்னுடையது என்று உயிரோடு மிஞ்சியது இவன் ஒருவன்தான். இவனையும் எப்படிக் கொடுப்பேன்?

கண்காட்சி வந்தது. நடுவர் உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தார், காதை விரித்துப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். நம் போஸ்டர் தின்னிதான் முதல்! உன் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். மைக்கில் கூப்பிட்டபோது நான் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கிடா கயிற்றை உருவிக்கொண்டு வந்து முட்டியது. கொம்பு ஹீரோவின் காதில் மாட்டிக்கொண்டது. ரத்தம்.

என் மனசில் முதலில் என்ன வந்தது தெரியுமா? நல்லாக் கிழிஞ்சிருக்கட்டும், கடவுளே.

துப்பட்டாவால் துடைத்தேன். ஓரத்தில் சின்னக் கீறல். "ஒண்ணும் இல்லம்மா, மேல்தோல்தான்" என்று அங்கிருந்த கால்நடை டாக்டர் மருந்து வைத்தார். எனக்கு முகம் செத்துப்போனது. கோப்பை மடியில் இருக்க, ஆட்டோவில் வழியெல்லாம் அந்தக் காதையே பிடித்துக்கொண்டு வந்தேன். கீறல் விரலில் தட்டுப்பட்டது. இதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? சண்டையைத்தான் எல்லாரும் பார்த்தார்களே. அவனோ என் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருந்தான். நல்லவளாக இருந்து விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. கை வரவில்லை, அவ்வளவுதான்.

பெருநாளுக்கு முன்தினம் கொண்டுபோய் விட்டேன். உன் அம்மா கொம்பைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், காதில் வந்து நின்றார்கள். பள்ளிவாசல் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். 'ஆகாது' என்ற ஒரு வார்த்தைக்காக நான் வேண்டாத தெய்வமில்லை. "இது ஆகும், தாராளமாக் குடுக்கலாம்" என்றார். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ இருந்திருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா" என்று அழுதார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். படியிறங்கும்போது பின்னால் அவன் கத்தினான். திரும்பவில்லை.

மறுநாள் உன் அம்மாவே டிபன் கேரியரோடு பட்டினப்பாக்கம் வந்தார்கள். "குர்பானிக் கறில சொந்தக்காரங்க பங்கு. அவளுக்கு உன்ன விட்டா வேற யாரு?" என்று என் கையில் கொடுத்தார்கள். அவர்கள் போனதும் என் அம்மா குழம்பு வைத்தாள். எனக்கு வேண்டாம் என்றேன். "செத்துப்போன பொண்ணு ஆசையா குடுத்ததுடி. வேணான்னு தள்ளுனா பாவம்" என்று தட்டில் போட்டாள்.

தொண்டையில் இறங்காது என்றுதான் நினைத்தேன். உனக்காக ஒரே ஒரு துண்டு என்று எடுத்து வாயில் வைத்தேன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அம்மா கேட்காமலே தட்டை நீட்டினேன்.

உன் ஆசையைக் கெடுக்கப் பார்த்தவளும் நான்தான், அவன் கயிற்றை விட்டுவிட்டு இறங்கி வந்தவளும் நான்தான். உங்கள் இருவரில் யாரிடம் முதலில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அந்தக் கீறல் இப்போதும் விரலில் தட்டுப்படுகிறது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அது இல்லை.

கறி ருசியாக இருந்ததடி. அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?