காணும் என்று நான் சொன்ன நாள்

அலுவலக மூலையில் நெத்தலிக் கருவாடும் சவர்க்காரமும் ஒன்றாக மணக்கின்றன. தொழிலாளருக்குக் கொடுப்பதற்கான உணவுப் பொதிகளை அங்கே அடுக்கியிருக்கிறார்கள். அந்த மணத்தோடு நீயும் வந்துவிட்டாய். நீ இறந்து மூன்று வருடம்.

அப்போது வெள்ளவத்தைத் துணிக்கடையில் விற்பனையாளராக ஒரே மேசைக்குப் பின்னால் நின்றோம். நான் கம்பஸ் அனுமதிக்குக் காத்திருந்தவள். நீ கொட்டாஞ்சேனையிலிருந்து வருவாய். வீட்டில் நாலு பேருக்கு உன் சம்பளத்தில்தான் உலை. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மாற்றி நிற்கப் பழக்கினாய். "கொக்கு மாதிரி நில்லடி. கொக்குக்குக் கால் நோகுதெண்டு ஆரும் சொன்னவையோ?"

முதலாளி நல்ல மனிதர். தீபாவளிக்கும் நத்தார் பண்டிகைக்கும் அரிசி, பருப்பு, கருவாடு, சவர்க்காரம் என்று பை நிறையத் தருவார். ஒரு நத்தாருக்கு நீ பையை வாங்கி, நன்றி சொல்லி, பிறகு கேட்டாய்.

"முதலாளி, சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டித் தரேலாதா?"

அவர் கோபப்படவில்லை. "கஷ்டமெண்டா என்னட்டக் கேள் பிள்ளை. நான் இல்லையெண்டு சொன்னனானா?"

"அதுதான் முதலாளி. கடை பூட்டுமட்டும் நிண்டு வேலை செய்துபோட்டு, சாப்பாட்டுக்கு ஏன் கேக்கவேணும்?"

அவர் என்னிடம் திரும்பினார். "நீ படிச்ச பிள்ளை. சொல்லு, சம்பளம் காணாதா?"

"காணும், முதலாளி."

என் பஸ் காசுக்குக் காணும், அதாவது போதும் என்பது உண்மைதான். அவர் கேட்டதோ எல்லோருக்காகவும். உன் கேள்வி என் ஒரு சொல்லில் முடிந்துபோனது.

பஸ் தரிப்பிடத்தில் நான் அழுதேன். நீ வடையைப் பிய்த்துப் பாதி தந்தாய். "காணும் எண்டு சொல்லுறவளுக்குத்தான் மச்சி கடைசிவரைக்கும் காணாது," என்று சிரித்தாய். அடுத்த வாரம் முதலாளி கால் முறிந்து படுத்தபோது தோடம்பழத்தோடு பார்க்கப் போனதும் நீதான். "மனுசன் நல்லவர். சம்பளம் வேற கதை."

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் இப்போது இரத்மலானையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி. இன்று பணிப்பாளர் பொதிகளைக் காட்டிச் சொன்னார்: "சம்பளத்தைக் கூட்டினா மாசா மாசம் செலவு, மிஸ். இது ஒருக்காத்தான். சனமும் சந்தோஷம். காணும்தானே?"

"காணாது, சேர்."

"என்ன மிஸ்?" என் குரல் அவ்வளவு தணிந்திருந்தது; உண்மையாகவே அவருக்குக் கேட்கவில்லை.

மறுபடி சொன்னேன். "மத்தியானம் ஒரு சோத்துப் பார்சலை ரெண்டு பேர் பிரிச்சுச் சாப்பிடினம், சேர். முழு நாள் வேலை வாங்கிறம். அதுகள் வயிறாரச் சாப்பிடுற சம்பளம் குடுக்கிறது எங்கட பொறுப்பு."

"ஓடர் குறைஞ்சு நாங்களும்தான் தவிக்கிறம்," என்றார். பிறகு, "எழுதித் தாங்கோ, பாப்பம்."

சம்பளத்தைக் கூட்டக் கேட்டுக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். கூட்டுவாரோ தெரியாது, அவர் சொன்ன தவிப்பும் பொய்யல்ல. உன் துணிவு எனக்கு வரவில்லை. ஒருவர்மேல் பிரியம் வைத்துக்கொண்டே அவரிடம் நியாயம் கேட்கலாம் என்பது மட்டும் உன்னிடமிருந்து என்னோடு வந்திருக்கிறது. நாளை கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடிவர மாட்டேன். அவர் வாசித்து முடிக்கும்வரை எதிரே ஒரு கதிரையில் இருப்பேன்.