அடக்கப் பதிவேட்டில் அம்மாவின் பெயர்

3 நவம்பர் 1994, வியாழன்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் தலையில் பேன். வேப்பெண்ணெய் தேய்த்து வெயிலில் உட்கார வைத்தேன். போர்டிங் முழுக்க அந்த நாற்றம்தான். எண்ணெய்க் கையோடுதான் தபால்காரரிடம் கடிதத்தை வாங்கினேன். இங்கிலாந்துக் கடிதம்.

எழுதியவர் மிஸ் மார்ஜரி கிளெக். வயது அறுபத்தேழாம். 1935-இல், அவர் ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, அவர்கள் ஊர் மெதடிஸ்ட் கோயிலின் ஞாயிறுப் பள்ளி வகுப்பு எங்கள் போர்டிங்கில் ஒரு பெண்ணின் செலவை ஏற்றுக்கொண்டதாம். எடித் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தானாம். ஜனவரியில் போர்டிங்கின் பவளவிழாவுக்கு வருகிற குழுவில் அவரும் வருகிறார். ‘எடித் உயிரோடு இருக்கிறாளா? இல்லை என்றாலும் தெரிந்தால் போதும்.’

இருக்கிறாளாவா! என்னைப் பெற்றவளே அந்த எடித்தான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு இந்த வார்டன் வீட்டில் அம்மாவும் நானும்தான். கடிதம் வந்தபோது பின்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் சொல்லக்கூட எனக்குப் பொறுமை இல்லை. உடனே உட்கார்ந்து பதில் எழுதி, நானே போஸ்டாபீசுக்கு நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். ‘எடித் என் தாய். சுகமாக இருக்கிறார். உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறார்.’

ஆவலாக இருக்கிறார் என்பது நானாகச் சேர்த்தது. இல்லாமலா போய்விடும்?

4 நவம்பர்

அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மாதர் சங்கக் கூட்டத்தில் நான் எத்தனை தடவை சொன்ன கதை இது! பழனியாத்தாள் என்ற கூலிக்காரப் பிள்ளையைச் சீமைக் குழந்தைகள் போட்டோவிலேயே பார்த்துத் தேர்ந்தெடுத்து எடித் ஆக்கினார்கள் என்று. சந்தோஷத்தில் அழுவாள் என்று நினைத்தேன்.

“யாரைக் கேட்டுடி எழுதுன?” என்றாள். அவ்வளவுதான். மத்தியானம் சாப்பிடவில்லை.

19 நவம்பர், சனி

பவளவிழா மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பு என் தலையில். மெதடிஸ்ட் மாதர் மிஷனின் பழைய அறிக்கைகளைப் புரட்டினால், ‘மிஷனரி மிஸ் பெர்சிவல் இவ்வாண்டு நாற்பது கிராமங்களைச் சந்தித்தார்’ என்று இருக்கிறது. முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஊருக்கு ஊர் பேசி, பாட்டுச் சொல்லிக் கொடுத்த பைபிள் அம்மாக்களுக்கு ஒரு வரி. ‘உள்ளூர் உதவியாளர் மூவர்.’ மூவரில் ஒருத்தி என் அம்மா. எரிச்சலாக வந்தது.

சரி, ஆலயத்து ஏடுகளில் பெயராவது கிடைக்கும் என்று பீரோவைத் திறந்தேன். கரையான் போக மிச்சம் இருந்தது அடக்கப் பதிவேடு. அதில்:

‘21 ஜூலை 1937. எடித். போர்டிங் பெண். வயது 9. காய்ச்சல்.’

மூன்று தடவை படித்தேன். என் அம்மா செத்து ஐம்பத்தேழு வருஷம் ஆகிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். போர்டிங் பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் எடித் சாகவே இல்லை. எட்டாவது வரைக்கும் படித்துத் தேறியிருக்கிறாள்.

20 நவம்பர், ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

27 நவம்பர்

அம்மா வால்பாறைக்குப் போய்விட்டாள். தம்பி ராசப்பன் அங்கே தேயிலை ஃபேக்டரியில் இருக்கிறான். கோயில் விட்டு நான் வருவதற்குள் மஞ்சள் பையோடு பஸ் ஏறிவிட்டாள். காங்கேயம் தாண்டி எங்கேயும் தனியாகப் போகாதவள்! அடுப்பில் எனக்குக் குழம்பு வைத்து மூடியிருந்தது. கோபத்தில் அதைத் தொடவில்லை. சாயங்காலம் தொட்டேன்.

12 டிசம்பர்

மார்ஜரி டிக்கெட் எடுத்துவிட்டார். ‘எடித்தின் முதல் போட்டோவைக் கொண்டு வருகிறேன், அவளே பார்க்கட்டும்’ என்று எழுதியிருக்கிறார். அறுபது வருஷமாகத் தினமும் அவளுக்காக ஜெபம் பண்ணுகிறாராம்.

நானல்லவா வரச் சொன்னேன்! எதற்கு அப்படிப் பறந்துபோய்ப் பதில் போட்டேன்? ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

26 டிசம்பர், வால்பாறை

பொள்ளாச்சி வழியாக வந்தேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. பாதியிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன். இங்கே நல்ல குளிர். அம்மா ராசப்பனின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், “மொதல்ல சுடுதண்ணி குடி கண்ணு” என்றாள். குடித்தேன். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

“நான் போர்டிங் பிள்ளையே இல்ல. எங்கத்தை அங்க சமையலு. நான் பாத்திரங் கழுவிக்கிட்டுக் கெடந்தேன். பொன்னாத்தான்னு ஒருத்தி, தாய் தகப்பன் இல்லாதவ. அவளுக்குத்தான் எடித்துன்னு பேரு வெச்சிருந்தாங்க. அவ பாயில எனக்கும் எடங் குடுப்பா. படிச்சத எல்லாம் எனக்குச் சொல்லுவா. ஆடி மாசம் காச்சல் வந்துச்சு. அஞ்சே நாளு. போய்ச் சேந்துபோட்டா.”

ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டு மேலே சொன்னாள்.

“மூணாம் வாரம் சீமையில இருந்து அவளுக்கு ஒரு கடுதாசியும் செவப்பு ரிப்பனும் வந்துச்சு. பெர்சிவல் மிஸ்ஸியம்மா அதக் கையில வெச்சுக்கிட்டு அழுதாங்க. அங்க இருக்கறதும் ஏழெட்டு வயசுக் கொழந்தைகதான, செத்துப்போயிட்டான்னு எப்புடி எழுதறதுன்னு. என்னைய மாடு மேய்க்கப் பண்ணயத்துக்கு விடறதாப் பேச்சு நடந்துட்டு இருந்துச்சு. அது மிஸ்ஸியம்மாளுக்குத் தெரியும். எங்கத்தையக் கூப்புட்டுப் பேசிப்போட்டு, அந்த ரிப்பன என்ற தலையில கட்டி, இனி நீதான் எடித்துன்னு சொன்னாங்க.”

“நீ என்னம்மா சொன்ன?”

“என்ன சொல்றது? எனக்குச் சந்தோசம் கண்ணு. இத்தன வருசத்துல அத ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. அவளுக்காக அழுதுக்கிட்டே ரிப்பனத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன்.”

கல்லறை எங்கே என்று கேட்டேன். மண்மேடுதான், கல் கிடையாது என்றாள். “கல்லுல எழுதறதுக்குப் பேரு வேணுமல்ல? பேரு என்கிட்ட இருந்துச்சு.”

பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். “நான் வாரேன். ஆனா அந்தம்மாகிட்ட நடந்ததத்தான் சொல்லுவேன். எனக்கு அத்தன இங்கிலீசு வராது, நீதான் எடுத்துச் சொல்லோணும். ஒரு சொல்லு மாத்தாமச் சொல்லுவியா? இல்லீன்னா நான் இங்கயே இருந்துக்கறேன்.”

மேடையும், மலரில் என் கட்டுரை வரும் பதினான்காம் பக்கமும், அம்மாவுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையோடு நானும்தான் கண் முன்னால் வந்தது. சே, நானெல்லாம் ஒரு மனுஷி!

“சொல்றேம்மா” என்றேன்.

27 டிசம்பர்

அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. சொல்வேனா?

9 ஜனவரி 1995

போதகர் அன்புமணி ஐயாவிடம் எல்லாம் சொன்னேன். நல்ல மனுஷர், மைக் கிடைத்தால் மட்டும் விடமாட்டார். “இப்பப் போயி இதக் கெளறோணுங்களா டீச்சர்? அந்தம்மா வயசானவங்க. சந்தோசமா வந்துட்டுச் சந்தோசமாப் போகட்டுமுங்களே. பெர்சிவல் மிஸ்ஸியம்மா பேரும் கெட்டுப் போயிருமுங்க” என்றார். அவரைத் திட்ட முடியவில்லை. போன நவம்பரில் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

பெர்சிவல் மிஸ்ஸியம்மா மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. செத்த பிள்ளையின் பெயரை உருவி இன்னொரு பிள்ளைக்கு மாட்டலாமா? ஒரு வரி உண்மை எழுதினால் அந்தச் சீமைக் கோயில் அடுத்த பிள்ளைக்குப் பணம் தராது என்று அவர்களாகவே எப்படி முடிவு கட்டினார்கள்? ஆனால் இருபத்தாறு வருஷம் இந்த வெயிலில் கிடந்தவர்கள். எங்கள் சனத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் நிற்கவே விடாத காலத்தில், கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தவர்கள். அந்தப் பொய் இல்லை என்றால் அம்மா மாட்டுக்குப் பின்னால் போயிருப்பாள். பைபிள் அம்மாவாகித் தோட்டந்தோட்டமாய் நடந்திருக்க மாட்டாள். சாளை வீட்டு வாசலுக்கு வெளியே நின்றபடியே கவுண்டர் வீட்டுப் பெண்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாள். நான் டீச்சராகி இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

கோபப்படுவதா கும்பிடுவதா? இரண்டுமே வருகிறது. என்ன செய்யட்டும்?

20 ஜனவரி, வெள்ளி

நேற்றுக் குழு வந்து சேர்ந்தது. இன்று காலை பத்து மணிக்கு மார்ஜரி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லி உடம்பு, வெயிலில் சிவந்த முகம். அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அம்மா அசையாமல் நின்றாள். பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்தாள்.

“நீங்க பேரு வெச்ச பிள்ள நானில்லீங்க” என்றாள்.

மார்ஜரி சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார், நான் சொல்லட்டும் என்று. ‘உங்களைப் பார்த்ததில் அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்’ என்று சொன்னால் முடிந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? வந்த ஜனம் இரண்டு நாளில் போய்விடும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுத்தக்கூட இல்லை.

சொன்னேன். அம்மா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். காய்ச்சல், ஐந்து நாள், ரிப்பன், எல்லாம். ரிப்பனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதைக்கூட அம்மா விடவில்லை. நானும் விடவில்லை.

மார்ஜரியின் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த போட்டோவைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். “அப்படியானால் இத்தனை வருஷமாக நான் யாருக்காக ஜெபம் பண்ணினேன்?” என்று கேட்டார்.

அது அம்மாவுக்கு நான் சொல்லாமலே புரிந்துவிட்டது. போர்டிங்கில் படித்த இங்கிலீஷில் அவளே பதில் சொன்னாள். “அவளுக்காக. எனக்காகவும். நான் பிழைத்தேன்.”

மார்ஜரி எழுந்து போய்விட்டார். காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது. மத்தியானம் விருந்துக்கும் வரவில்லை. போதகர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அம்மா மட்டும் இன்று இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டு மாதத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

21 ஜனவரி

ஏழு மணிக்கே மார்ஜரி வாசலில் நின்றார். கண் வீங்கியிருந்தது. இங்கிருந்து இரண்டாவது போட்டோ போய்ச் சேர்ந்த அந்த வருஷம், அவர்கள் ஞாயிறுப் பள்ளி வகுப்பில் சண்டையாம். ‘இது வேற பொண்ணு, காது வேற மாதிரி இருக்குது’ என்று ஒரு பையன் சொல்ல, பிள்ளைகள் வளர வளர மாறுவார்கள் என்று வாத்தியாரம்மா அடக்கிவிட்டாராம். “எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எடித்தை இழந்திருப்பேனே” என்றார்.

பிறகு அம்மாவிடம், “அவளுடைய சொந்தப் பெயர் என்ன?” என்று கேட்டார்.

“பொன்னாத்தா.”

அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். வாயில் நுழையவில்லை, விடவும் இல்லை. மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஒரே நெருஞ்சி முள். அம்மா கொஞ்சமும் தேடாமல் நேராக மதில் மூலைக்குப் போய் நின்றாள். எத்தனை தடவை வந்திருப்பாளோ, எனக்குத் தெரியாமல்! மார்ஜரி முள்ளைக்கூடப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தார். அம்மாவும் உட்கார்ந்தாள். அவரவர் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

22 ஜனவரி, ஞாயிறு

பவளவிழா. அம்மா மேடைக்கு வர மாட்டேன் என்று போர்டிங் பிள்ளைகளோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டாள். என் முறை வந்தபோது எழுதி வைத்த பேச்சை மடித்து வைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். பெர்சிவல் மிஸ்ஸியம்மா செய்ததைச் சொன்னேன், அழுததையும் சொன்னேன். கொஞ்சப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள். போகட்டும். மார்ஜரி முதல் வரிசையில் கை தட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

16 ஏப்ரல், ஈஸ்டர்

விடியற்கால ஆராதனைக்குக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். மதில் மூலையில் கல் நட்டு மூன்று நாளாகிறது. ‘பொன்னாத்தாள். எடித் என்றும் அழைக்கப்பட்டவள்.’ மார்ஜரி ஊரிலிருந்து எழுதி அனுப்பிய வாசகம் வேறு. அம்மா இது போதும் என்றுவிட்டாள்.

எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நகர்ந்த பிறகு, அம்மா கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். தெருவில் பார்த்தவளிடம் பேசுகிற மாதிரித்தான் பேசினாள்.

“அம்பத்தெட்டு வருசம் உன்ற பேர வெச்சிருந்தேன் அம்மணி. ஒரு எடத்துலயும் கெடுத்துப்போடல. இந்தா, இனி நீயே வெச்சுக்க.”

கையைக் கொடுத்தேன், பிடித்து எழுந்தாள். வாசல் பக்கம் போதகர் ஐயா எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். “எடித்தம்மா, ஸ்தோத்திரமுங்க!” என்றார். அம்மா தன் பாட்டுக்கு நடந்தாள். மறுபடியும், இன்னும் சத்தமாக, “எடித்தம்மா!” என்றார். காது நல்லாக் கேட்கிறவள், திரும்பவே இல்லை.

“பழனியாத்தாம்மான்னு கூப்பிட்டுப் பாருங்க ஐயா” என்றேன்.

கூப்பிட்டார். அம்மா நின்று, திரும்பி, “ஸ்தோத்திரமுங்க” என்றாள்.