ரைஸ் குக்கரில் ஒற்றைச் சப்பாத்து

அன்பான அப்பாவுக்கு,

தம்போயிலிருந்து உங்கள் வாயாடி மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம், என் வாயும் சுகம். போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடிச்சுடுவீங்க, அதனால்தான் கடிதம்.

என் ரூம்காரி ஃபெலிசியாவை ஃபேக்டரியில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார். வேலையே வேண்டாம்னு பையைக் கட்டிட்டா. ஊருக்குப் போற பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான். நான் அவ காலுக்குப் போடற சப்பாத்துல ஒண்ணை ரைஸ் குக்கருக்குள்ள ஒளிச்சு வச்சுட்டேன்.

கட்டிலுக்கடியில தேடினா, அழுதா. "தர்வினி, விளையாடாத லா! எங்கடி வச்ச?"

நானும் அவகூடச் சேர்ந்து தேடுற மாதிரி நடிச்சேன்பா. பஸ் போனப்புறம்தான் மூடியைத் திறந்தேன். முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சா, அப்புறம் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. மறுநாள் சேர்ந்தே வேலைக்குப் போனோம்.

அம்மாகிட்ட மாங்காய் ஊறுகாய் கேட்டு அனுப்புங்க, ரெண்டு பேருக்கும். அம்மாவோட பழைய போர்வையும், துவைக்காம.

இன்னிக்குக் காலையில சும்மாதான் என் துணியைப் பையில அடுக்கிப் பார்த்தேன். இப்ப என் சப்பாத்துல ஒண்ணைக் காணோம். ஃபெலிசியா எதுவும் தெரியாத மாதிரி முட்டை பொரிக்கிறா. குக்கர் பக்கத்துலதான் இருக்கு. ஊர் பஸ் போகட்டும், அப்புறம் திறக்கிறேன்.

உங்கள்
தர்வினி