நின்று நின்று நடந்த அக்காவுக்கு

அக்கா,

காலையில் பீரோவைத் திறந்ததும் உன் சால்வையிலிருந்து தைல வாசனை வந்தது. கெண்டைக்கால் வலிக்கு எத்தனை பாட்டில் தேய்த்திருப்பாய்! திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் நாலு வாசலில் நிற்பாய். சர்க்கரை நோய் கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொண்டிருந்தது நமக்கு அப்போது தெரியாது.

பிறகு மூச்சும் வாங்க ஆரம்பித்தது. நடவு பார்க்கப் போன இடத்தில் வரப்பிலேயே மயங்கி விழுந்தாய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், இதய வால்வு சுருங்கிவிட்டது, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் உன் உடம்பு தாங்காது என்றார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைக்கலாம் என்று தைரியம் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு அதற்கும் வழியில்லை என்றார்கள். குழாய் நுழைய முடியாதபடி கால் ரத்தக்குழாய்கள் அடைத்துக் கிடந்தன.

"வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம் சித்தி" என்று உன் மகன் என்னிடம் கண்கலங்கினான். நீதான் டாக்டரம்மாவிடம் கேட்டாய்.

"வேற எங்கயும் வழி இல்லீங்களா?"

"காறை எலும்புக்குக் கீழ ஒரு ரத்தக்குழாய் நல்லா இருக்கும்மா. தோள்கிட்ட சின்னதாக் கீறி அது வழியாப் போகலாம். ஆனா பக்கவாதம் வரலாம், பேச்சு போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"மூச்சு இல்லாம பேச்சை மட்டும் வச்சிக்கிட்டு என்ன பண்றது? செஞ்சிடுங்க."

உள்ளே போகும்முன் பல்செட்டைக் கழற்றி என்னிடம் தந்தாய். அதைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் குரலை மறுபடி கேட்போமா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவே இல்லை. சாயங்காலம் கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"பல்லக் குடுடி. டாக்டர் வர்றாங்க, பொக்கை வாயோடவா பேசுறது?"

நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் அதட்டினாள்.

கால் வலி போகவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, முன்போலவே நின்று நின்று நடந்தாய். ஆனால் மூச்சு வாங்கவில்லை. அதனால் நின்ற வாசலில் எல்லாம் பேசினாய். தெருவில் உனக்குத் தெரியாத சங்கதியே இல்லை என்றானது. நாலைந்து அறுவடையும் பார்த்தாய். போன தையில், முற்றிய சம்பாவைப் பார்த்துவிட்டு வந்து படுத்தாய், எழுந்திருக்கவில்லை. அழுதேன். ஆனாலும் மனதில் குறையில்லை அக்கா.

எனக்குக் கால் வலி கிடையாது. நேற்று கடைக்குப் போய்விட்டு வரும்போது, நீ வழக்கமாக நிற்கும் ஒரு வாசலில் நானும் நின்றுவிட்டேன்.

"என்னம்மா, உங்களுக்கும் காலா?" என்று அந்த வீட்டம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"இல்லீங்க. உங்க மருமக அம்மா வீட்டுலேர்ந்து குழந்தையத் தூக்கிட்டு வந்துட்டாளான்னு கேக்கலாம்னு நின்னேன்."

நாற்காலி எடுத்துப் போட்டார்.