நாய்க்குச் சொன்ன கதைகள்

நவம்பர் 6, வியாழன்

விடியத் தொடங்கித் தூறல். கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் திரும்ப நனைந்தது. ஊர்காவற்துறை ஆசுப்பத்திரி. எனக்குப் பிரஷர் கூடியிருந்தது. நித்திரை இல்லை என்றதும் டொக்டர், மனக்கவலை கேட்கிற உளவளத்துணைப் பிள்ளையிடம் அனுப்பினார். என் மனிசன், இவரும் கூட வந்தார். பஸ்ஸில் அவர் முன் சீற், நான் பின்னால்.

பிள்ளை கேட்டது: "வீட்டிலை ரெண்டு பேரும் என்னெண்டு கதைப்பியள்?"

சிரிப்பு வந்துவிட்டது. மகள் சுபா இருக்கும்வரை எல்லாம் அவளூடாகத்தான். "அம்மாட்டைச் சொல்லு, நான் சந்தைக்குப் போறன்." "அப்பாட்டைக் கேள், சோறு போடட்டோ?" மூன்று பேரும் ஒரே குசினியில் நின்றுகொண்டு! அவள் கலியாணம் கட்டி லண்டன் போய்விட்டாள். இப்போது நாய். "ஜிம்மி, தேத்தண்ணி வருமோ எண்டு கேள்."

பிள்ளை சிரிக்கவில்லை. "அதிலை உங்களுக்கு என்ன நோகுது, அக்கா?"

"நான் வீட்டிலை இல்லாத மாதிரி இருக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அழுகை. இவர் சுவரைப் பார்த்தபடி. கலியாணம் கட்டின புதிதில் வாய் நிறைய "நீர், உமக்கு" என்று கதைத்த மனிசன்.

வீட்டுப்பாடம்: நாளுக்கு ஒரு வசனம். நேரே, முகம் பார்த்து.

நவம்பர் 8, சனி

அரிசிமா முடிந்தது. கிணறு நிரம்பப் பார்க்கிறது.

என் வசனம்: "மழை விடாது போலை கிடக்கு." முகம் பார்த்துத்தான். "ம்" என்றார். ஜிம்மியாவது வாலாட்டியது.

நவம்பர் 13, வியாழன்

ஆசுப்பத்திரிக்குத் தனியே போனேன். "விசர்க் கதை கதைக்க எனக்கு ஏலாது." அதையும் இவர் நாயிடம்தான் சொன்னார்.

மழைக் கதையைச் சொன்னேன். பிள்ளை: "அது வானத்துக்குச் சொன்னது, அக்கா. உங்களுக்கு வேணுமானதைக் கேளுங்கோ." போனமுறை அவர் இருந்த வெறுங் கதிரையைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். கதிரைக்குச் சொல்வது சுகம். பஸ்ஸில் நெஞ்சு கொஞ்சம் லேசு.

வீட்டுக்கு வந்த கையோடு அவரிடமே சொல்லிவிட்டேன். "நாயிட்டைச் சொல்லாதையுங்கோ. என்னோடை கதையுங்கோ."

எழும்பிப் போய் வாசல் படலையைச் சாத்தினார். அவ்வளவுதான். இந்த வீட்டில் தனிமை என்றால் ஆளில்லாதது இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். உடுப்புத் தோய்த்தது. சுபாவிடமிருந்து போன் இல்லை. பின்னேரம் நான் தேத்தண்ணி குடித்து, கோப்பையும் கழுவி வைத்தாயிற்று.

விறாந்தையிலிருந்து இவர்: "தேத்தண்ணி குடிச்சாச்சோ?"

எட்டிப் பார்த்தேன். ஜிம்மி அங்கே இல்லை. வேலிக்கு அப்பால் எதையோ கிளறிக்கொண்டு நின்றது.

"ஆரைக் கேக்கிறியள்?"

சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"உம்மைத்தான்."

"இன்னும் இல்லை" என்றேன்.

இப்போது குசினிக்குள் கேத்தல் வைக்கிற சத்தம். சீனிப் போத்தல் எங்கே என்று தெரியாமல் உருட்டுகிறார். போய்ச் சொல்ல மாட்டேன். கேட்கட்டும்.