செவலை துப்பிய புல்

இன்று காலை தொட்டியின் ஓரத்தில் மூன்று புல் உருண்டைகள் கிடந்தன. பாதி மென்று, எச்சில் ஊறி, செவலை துப்பியவை. ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அந்தப் புளித்த பச்சை வாசனையில் நீ பக்கத்தில் நிற்பது போலிருந்தது. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது.

நீ பார்த்து வளர்த்த விடுதிக் குதிரை செவலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். பட்டம் வாங்கிவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்தபோது, மலையகத்தில் எல்ல ஊருக்குப் பக்கத்து இந்த விடுதியில், சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுடன் பேச என்னைச் சேர்த்துவிட்ட தோழி நீ. கூச்சக்காரிக்குப் பேசுகிற வேலை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாய். டெங்கு உன்னைக் கொண்டுபோன பிறகு செவலையின் அருகே போக வேறு யாரும் முன்வரவில்லை. விடியுமுன் தண்ணீர், புல், சாணம். குளித்துவிட்டு வரவேற்பு மேசை. முதுகுவலி பழகிவிட்டது.

அந்த மாட்டுப் பொங்கல் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நீ தவிடு வாங்க பண்டாரவளைக்குப் போயிருந்தாய். நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் பெண்கள் மாடுகளுக்கு ஊட்டியது போக மீந்த சர்க்கரைப் பொங்கலோடு இங்கே வந்தார்கள். "மாட்டுக்கு மட்டும்தானா? இதுக்கும் நாலு காலு இருக்குல்ல" என்றார் உன் பெரியம்மா. செவலையின் நெற்றியில் குங்குமம் வைத்து, உருண்டை உருண்டையாக ஊட்டினார்கள். குதிரைக்கு அது ஆகாது என்று நீ சொல்லி எனக்குத் தெரியும். பெரியவர்களை, அதுவும் நல்ல நாளில், எப்படித் தடுப்பது என்று கதவருகே நின்றேன்.

மதியம் செவலை காலால் தரையைப் பிறாண்டியது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது; படுத்து உருள முயன்றது. நீ வந்து விலாவில் காதை வைத்தாய். குடல் சத்தமே இல்லை என்றாய். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது குடலைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். பதுளையிலிருந்து மிருக வைத்தியர் வரும்வரை கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்தினோம். அவர் ஊசி போட்டு, மூக்கு வழியே குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். பொழுது சாயும்போது செவலை சாணம் போட்டது. நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். அப்போதுதான் நான் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். நீ திட்டவில்லை.

"அதுக்குத்தான் பேச வராது. ஒனக்குமாடி?" என்றாய்.

இன்று செவலையின் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தினேன். தலையை உதறியது. கடைவாய்ப் பல்லின் விளிம்பு கூராகிக் கன்னத்தை உள்ளே கிழிக்கிறது; அதனால்தான் புல்லை மெல்ல முடியாமல் துப்பியிருக்கிறது. அரம் வைத்து ராவ வேண்டும். வைத்தியர் வியாழக்கிழமைதான் வருவாராம். அதுவரை ஊறவைத்த தவிடுதான். வாயில் கடிவாளம் போடக்கூடாது.

ஒன்பது மணிக்கு விடுதி முதலாளி சேணத்தோடு வந்தார். சவாரிக்கு ஒரு தம்பதி காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம்தானே, சும்மா நிற்கிற குதிரைக்கு யார் தீனி போடுவது என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வாயெல்லாம் புண்ணுங்க. வியாழன் வரைக்கும் சவாரி வேணாங்க."

காதில் விழாதவர் போலக் கடிவாளத்தை எடுத்தார். இன்னொரு தடவை சொன்னேன், செவலைக்கும் அவருக்கும் நடுவில் நின்று. வியாழனுக்கு மேல் ஒரு நாள்கூடத் தரமாட்டேன் என்று முணுமுணுத்தபடி சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

செவலை தவிட்டை மெதுவாக உறிஞ்சுகிறது. அன்று நீ வைத்த விலாவிலேயே காதை வைத்துச் சாய்ந்து நிற்கிறேன். உள்ளே சத்தம் கேட்கிறது.